பேச்சு மாறியது, சட்டம் எவ்வளவு மாறியது?



அரசியல்வாதி நேற்று ஒன்று சொன்னார், இன்று வேறொன்று சொல்கிறார் என்றால் நமக்கு அது புதுமையல்ல. தேர்தல் வந்தால் லயத்து வாசல்வரை வந்து கைகூப்பி, "உங்களுக்குச் சொந்த வீடு நான் பொறுப்பு" என்பார்கள். ஓட்டுப் பெட்டி மூடியதும் "நிலம் மாநில அரசைச் சேர்ந்தது, நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்" என்பார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். "அவுங்க பேச்சு தண்ணியில எழுதுன எழுத்துதாங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவோம்.

ஆனால் எல்லா மாற்றத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. சில மாற்றம் வெறும் நாக்குப் புரட்டு. சில மாற்றத்தால் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகாமல் தப்புகிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனை எந்தத் தலைவரும் சுலபமாக ஏமாற்றலாம்.

பால் வெட்டிய பழைய ஆட்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வாளி நிறையப் பால் கொண்டுபோய் வைத்தாலும் ஸ்டோரில் கிராணி நிறையை மட்டும் பார்த்து எழுதமாட்டார். அளவுக்கோலைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று பார்ப்பார். கணக்கு ரப்பருக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. அரசியல்வாதியின் பேச்சையும் அப்படித்தான் அளக்க வேண்டும். இன்று அதற்கு ஒரு பெரிய செய்தியை எடுத்துக்கொள்வோம்.

கூச்சமான விஷயந்தான், ஆனால் பேசத்தான் வேண்டும்

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது, கல்யாணம் கட்டிக்கொள்வது பற்றிய செய்தி அது. காப்பிக் கடையில் இதை எடுத்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். "நமக்கு எதுக்குங்க இந்தப் பேச்சு?" என்று கேட்பவர்களும் உண்டு.

நமக்கும் சம்பந்தம் உண்டு. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்திலிருந்து நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வடக்கே தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். தெற்கே சிங்கப்பூரில் 2023 ஜனவரியில் ஒரு பழைய சட்டம் எடுக்கப்பட்டது. நாம் நடுவில் இருக்கிறோம். கைப்பேசியில் செய்தி அரைகுறையாக வந்து சேர்கிறது. "சிங்கப்பூர்ல ஆம்பளையும் ஆம்பளையும் கட்டிக்கலாம்னு சட்டம் வந்திருச்சாம்" என்று ஒருவர் சொல்ல, அது லயம் முழுக்கப் பரவுகிறது.

அது தவறான செய்தி. சிங்கப்பூரில் அப்படிச் சட்டம் வரவில்லை. என்னதான் வந்தது? அங்கே பிரதமராக இருந்த லீ சியன் லூங் எதில் மாறினார், எதில் மாறவில்லை? இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற தலைவர்கள் பேச்சையும் எடைபோடத் தெரிந்துவிடும்.

2007: "சட்டம் இருக்கட்டும், பிடிக்கமாட்டோம்"

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 377ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ஆணும் ஆணும் உடலுறவு கொண்டால், அது நாலு சுவருக்குள் இருவரும் மனமொப்பி நடந்ததானாலும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை.

2007-இல் தண்டனைச் சட்டம் முழுவதையும் சீர்திருத்தியபோது இந்தப் பிரிவையும் எடுத்துவிட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் லீ, எடுக்க முடியாது என்றார். இப்படிப்பட்டவர்கள் நம் உறவினரிலும் நண்பரிலும் கூட வேலை செய்பவரிலும் இருக்கிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் பழைமைப் பற்றுள்ளவர்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்ததே குடும்பம் என்று நினைப்பவர்கள், ஆகவே சட்டம் புத்தகத்தில் இருக்கட்டும், ஆளைத் தேடிப்போய்ப் பிடிக்கமாட்டோம் என்று முடித்தார்.

வழவழா கொழகொழா ஏற்பாடு என்று நமக்குத் தோன்றும். சட்டம் உண்டு, ஆனால் இல்லை! தோட்டத்தில் நோட்டீஸ் பலகையில் ஒரு தடையை எழுதிப் போட்டுவிட்டு, "யாரும் பார்க்கமாட்டாங்க, போங்க" என்று மண்டோர் சொல்வது போல. இன்று நல்ல மண்டோர் இருக்கிறார், சரி. நாளைக்கு வேறொருவர் வந்தால்? புத்தகத்தில் இருக்கும் தடை புத்தகத்தில்தானே இருக்கிறது! அதற்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். மிரட்டிப் பணம் பறிக்க நினைப்பவனுக்கும் அப்படி ஒரு சட்டம் தோதானதுதான்.

2022: அதே பிரதமர், வேறு சொல்

பதினைந்து ஆண்டு போயிற்று. 2022 ஆகஸ்டு 21-ஆம் தேதி தேசிய தினப் பேருரையில் அதே லீ சியன் லூங், 377ஏ பிரிவை அரசாங்கமே எடுத்துவிடும் என்று அறிவித்தார். நவம்பர் 29-இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஆதரித்தவர் 93 பேர், எதிர்த்தவர் 3 பேர். 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை.

அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அப்போது சட்ட அமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த க. சண்முகம். தமிழர். 2018-இல் இதே விஷயம் எழுந்தபோது, மக்களில் பெரும்பாலோர் எடுக்க வேண்டாம் என்கிறார்கள், சமுதாயந்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நாலு ஆண்டில் அவரே எழுந்து நின்று, மனமொப்பிய பெரியவர்கள் தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றமாக்கக் கூடாது என்று வாதாடினார்.

ஏன் இந்த மாற்றம்? இரண்டு காரணம் சொன்னார்கள்.

ஒன்று, மக்கள் மனம் இளகியிருக்கிறது, முக்கியமாக இளைஞர் மனம். இப்சோஸ் என்ற நிறுவனம் 2018-இல் கணக்கெடுத்தபோது 377ஏ வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு 55 பேர். 2022-இல் அது 44 ஆகக் குறைந்திருந்தது.

இரண்டாவது காரணம் நீதிமன்றம். 2022 பிப்ரவரி 28-இல் சிங்கப்பூரின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவை அரசாங்கத்தின் வாக்குறுதியை மீறி நடைமுறைப்படுத்த முடியாது என்று சொல்லி, அதைச் செயலற்றதாக வைத்தது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்ற அரசமைப்புப் பிரிவைக் காட்டி, எதிர்காலத்தில் ஏதாவது ஒரு நீதிமன்றம் அதை அடியோடு தள்ளிவிடக்கூடும். அப்படித் தள்ளினால் அடுத்த கேள்வியாகத் திருமணச் சட்டமும் நீதிமன்றத்துக்கு வரும். அது வருவதற்கு முன் நாடாளுமன்றமே முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஆக, மனச்சாட்சியும் உண்டு, கணக்கும் உண்டு. அரசியலில் இரண்டும் ஒரே காண்டாவில் தொங்கும் இரண்டு வாளி மாதிரி. ஒன்று மட்டும் இருந்தால் ஆள் நடக்க முடியாது.

எது மாறவில்லை?

இதைத்தான் கைப்பேசிச் செய்தி விட்டுவிடுகிறது. குற்றச் சட்டத்தை எடுத்த அதே நாளில், சிங்கப்பூர் நாடாளுமன்றம் அரசமைப்பில் 156-ஆம் பிரிவு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தது. திருமணம் என்றால் என்ன என்று சட்டம் போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, அடிப்படை உரிமையைக் காட்டி அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் தள்ள முடியாது என்பது அதன் சாரம். சிங்கப்பூரில் திருமணம் இன்னமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான். அது தம் காலத்தில் மாறாது என்றார் லீ. அடுத்து பிரதமராக வரவிருந்த லாரன்ஸ் வோங்கும் தம் காலத்திலும் மாறாது என்று அப்போதே சொன்னார். 2024 மே 15-இல் அவர் பொறுப்பேற்றார்.

ஒரு கையால் ஜெயில் கதவைத் திறந்தார்கள், மறு கையால் கல்யாண மண்டபத்துக் கதவைச் சாத்தினார்கள். சாவியை நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். நாளைக்கு ஒரு நாடாளுமன்றம் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையிலேயே திறக்கலாம், அதுவரை திறக்காது.

லீ மாறினாரா என்று கேட்டால், "குற்றமா?" என்ற கேள்வியில் மாறினார், "கல்யாணமா?" என்ற கேள்வியில் மாறவில்லை என்பதே சரியான பதில். இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் காப்பிக் கடையில் சண்டை வருகிறது.

அந்தச் சட்டம் நம் மலாக்காவுக்கும் சட்டமாக இருந்தது

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்" என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை கதை தலைகீழ். தடையைக் கொண்டுவந்தவன்தான் வெள்ளைக்காரன். 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் எழுதினார்கள். 1938-இல் அதிலே 377ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நீரிணைக் குடியேற்றம் என்றால் எது? பினாங்கு, சிங்கப்பூர், அத்துடன் நம் மலாக்கா! கங்காணி கூட்டிவந்த நம் பாட்டன்மார் இங்கே கித்தாக் காட்டில் மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் கேட்காமல் எழுதிய சட்டம் அது.

இந்தியாவில் அந்தப் பழைய 377-ஐ மனமொப்பிய பெரியவர்கள் விஷயத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-இல் ஒரே பாலினத்தவர் திருமண வழக்கு வந்தபோது, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை ஆகாது, சட்டமன்றமே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. அங்கேயும் "குற்றம் இல்லை, கல்யாணமும் இல்லை" என்ற நிலைதான்.

கல்யாணக் கேள்வியிலேயே மாறிய தலைவர்

இன்னும் தூரத்தில் ஒரு தலைவர் கல்யாணக் கேள்வியிலேயே மாறினார். அமெரிக்காவின் பராக் ஒபாமா. 1996-இல் சிக்காகோவில் சின்னத் தொகுதிக்குப் போட்டியிட்டபோது, ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஆதரிப்பதாக ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார். 2008-இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2010-இல் "என் கருத்து வளர்ந்துகொண்டிருக்கிறது" என்ற மாதிரி பேசினார். 2012 மே 9-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் ஆதரிக்கிறேன் என்று அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்னால் துணை அதிபர் ஜோ பைடன் முந்திக்கொண்டு பேசிவிட்டது வேறு கதை. பிறகு 2015-இல் ஒபாமாவின் பழைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட், அந்த எதிர்ப்புக் காலத்திலும் உள்ளுக்குள் ஆதரவுதான், ஓட்டுக்காக மறைத்தார் என்று புத்தகத்தில் எழுதினார். ஒபாமா அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆதரவு, எதிர்ப்பு, மீண்டும் ஆதரவு! இதைக் கேட்டால் நம்மவர் சிரிப்பார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் அந்தத் திருமணம் சட்டமானது அவர் பேட்டியால் இல்லை. 2015 ஜூன் 26-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே. பேட்டி கொடுத்தது தைரியம், ஆனால் கையில் சான்றிதழ் கொடுத்தது தீர்ப்பு.

நம் நாட்டில் என்ன நிலை?

நம் தண்டனைச் சட்டத்தில் 377 வரிசைப் பிரிவுகள் இன்றும் உள்ளன. 1989-இல் திருத்தி எழுதப்பட்டவை. தண்டனை இருபது ஆண்டு வரை சிறை, அத்துடன் பிரம்படி. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டம் தனியாக உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை பாலம் கடந்து இந்தப் பக்கம் வந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறான். இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இங்கே தலைவர்கள் பேச்சு எப்படி? டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிமை எடுத்துக்கொள்வோம். அவர் மேலேயே இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்ததும், அது அரசியல் சதி என்று அவர் மறுத்துவந்ததும், 2018 மே 16-இல் மாமன்னர் முழு மன்னிப்பு அளித்ததும் நாடறிந்தவை. 2012 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அவரை விடுவித்த சில நாளில் பி.பி.சி.க்குப் பேட்டி கொடுத்தார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்பதில் உறுதியாக இருக்கிறோம், ஆனால் பழங்காலச் சட்டத்தை வைத்துத் தண்டிக்கும் போக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். ஒரு மலாய்ப் பத்திரிகை அதை வேறுவிதமாகப் போட்டது என்று அவர் வழக்கே தொடுத்தார்.

2022 நவம்பரில் பிரதமரானார். 2023 ஜனவரியில், மதச்சார்பற்ற நாடு, கம்யூனிசம், இவற்றோடு ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்கும் தம் ஆட்சியில் அங்கீகாரம் கிடையாது என்றார்.

இதை மாற்றம் என்பதா? அளவுக்கோலை வைத்துப் பார்ப்போம். கல்யாணக் கேள்வியில் 2012-இலும் 2023-இலும் அவர் சொன்னது ஒன்றுதான். எது மாறியது என்றால், எதை உரக்கச் சொல்கிறார் என்பது. எதிர்க்கட்சியில் இருந்தபோது "தண்டிக்கும் போக்கு வேண்டாம்" என்பதை உரக்கச் சொன்னார். பிரதமரான பிறகு "அங்கீகாரம் கிடையாது" என்பதை உரக்கச் சொல்கிறார். பழைய சட்டத்தைத் திருத்தும் பேச்சு பின்னால் போய்விட்டது. கூட்டணி அரசாங்கம், எதிரே மதத்தை முன்வைக்கும் பலமான எதிர்க்கட்சி, கையில் எண்ணிக்கை பார்க்க வேண்டிய நிலை. காரணம் புரிகிறது. ஆனால் அந்தக் காரணத்தை அவர் வாயால் சொல்லவில்லை. லீ பதினைந்து ஆண்டு கழித்து ஏன் மாறினேன் என்று நாட்டு மக்கள் முன் விளக்கினார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஏன் ஒரு காகிதம் கேட்கிறார்கள்?

"சேர்ந்து வாழுறவங்க வாழ்ந்துட்டுப் போகட்டும், சட்டம் எதுக்கு கேக்குறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் வேறு யாரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும்.

நம் அம்மா, பாட்டிமார் காலத்தில் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம். பதிவு கிடையாது, பத்திரம் கிடையாது. ஆண்பிள்ளை இன்னொருத்தியைக் கூட்டிவந்தாலும் கேட்பாரில்லை. 1976-இல் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி, கல்யாணம் கட்டாயம் பதிவாக வேண்டும் என்றானது. அதற்குப் பிறகும் பதிவு செய்யாமல் இருந்துவிட்ட பெண்கள் எத்தனை பேர் கணவன் செத்ததும் அல்லாடியிருக்கிறார்கள்! சேமநிதிக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வாரிசாக எழுதிவைக்கலாம். சொக்சோ பிழைத்திருப்போர் ஓய்வூதியம் அப்படியல்ல. மனைவி என்று கேட்டுப் போனால் மனைவி என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். இருபது ஆண்டு சோறாக்கிப் போட்டேன் என்பது அங்கே சாட்சியாகாது.

அந்தப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், ஒரே பாலினத்தவர் ஏன் கல்யாணக் காகிதம் கேட்கிறார்கள் என்பதும் புரியும். ஏற்கிறோமா, இல்லையா என்பது அவரவர் மனம், அவரவர் சமயம். கேட்பது என்ன என்று தெரிந்துகொண்டு பேசுவதே நியாயம்.

நம் 1976 சட்டத்தின் 69-ஆம் பிரிவு, ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாக இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது என்று சொல்கிறது. வெளிநாட்டில் கட்டிக்கொண்டு வந்தாலும் இங்கே திருமணமாக ஏற்கப்படாது. அதே சட்டம், இந்துக்களில் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டும் நம் வழக்கத்தை மட்டும் விலக்களித்து அனுமதித்தது. மற்ற இனத்தவர்க்கு அது தடுக்கப்பட்ட உறவு. நம் வழக்கத்துக்கு இடம் கேட்டோம், கிடைத்தது. கல்யாணச் சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை, மனிதர் கூடிப் பேசி எழுதுவது என்பதற்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஐயரில்லாமல், மந்திரமில்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களை நீதிமன்றம் ஏற்க மறுத்த காலம் ஒன்று உண்டு. 1967-இல் முதல்வரான அண்ணா அதற்குச் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. ஏற்கெனவே நடந்திருந்த கல்யாணங்களும் செல்லும் என்றானது. அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்பது சரி. ஆனால் மேடையில் முழங்கியதைப் பதவிக்கு வந்ததும் சட்டமாக எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அது அளவுக்கோலில் நிற்கும் பேச்சு.

நாலு கேள்வி கேளுங்கள்

எந்தத் தலைவர் எந்த விஷயத்தில் பேச்சை மாற்றினாலும், தோழர்களே, நாலு கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

முதல் கேள்வி: எதில் மாறினார்? லீ விஷயத்தில் குற்றம் வேறு, கல்யாணம் வேறு என்று பார்த்தோம். பாதி மாற்றத்தை முழு மாற்றம் என்று நம்பவும் வேண்டாம், ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது: காரணம் சொன்னாரா? நேற்று அப்படிச் சொன்னேன், இன்று இதனால் இப்படிச் சொல்கிறேன் என்று எதிரே நின்று சொல்பவரை எதிர்த்து வாதாடவாவது முடியும். சொல்லாமல் நழுவுபவரிடம் வாதாடவும் முடியாது.

மூன்றாவது: யாரிடம் பேசும்போது மாறினார்? வெளிநாட்டுப் பேட்டியில் ஒன்று, உள்ளூர் மேடையில் ஒன்று, மசூதியில் ஒன்று, கோயிலில் ஒன்று என்றால் அது கருத்தே இல்லை, கடைச் சரக்கு.

நாலாவது, முக்கியமான கேள்வி: புத்தகத்தில் எழுதினாரா? குறைந்தபட்சச் சம்பளம் என்று எத்தனை ஆண்டு எத்தனை பேர் முழங்கினார்கள்! 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று உத்தரவாக எழுதிய பிறகுதான் அது சம்பளச் சீட்டில் ஏறியது. மேடைப் பேச்சை எந்த முதலாளியும் எண்ணிக் கொடுக்கமாட்டான்.

இந்த நாலு கேள்வியிலும் தேறியவரை நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. அவர் முடிவு நமக்கு ஒப்பாமலும் போகலாம். ஆனால் அவரோடு என்ன பேசுவது, எதை எதிர்ப்பது, எதைக் கேட்பது என்று நமக்குத் தெரியும்.

வீட்டுக்குள் ஒரு வார்த்தை

தலைவர்கள் மாற பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அவ்வளவு நாள் இருக்காது. இரண்டாயிரம் குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்கு வரும் விஷயம் என்று இதை எண்ண வேண்டாம். நம் லயத்திலும், நம் அடுக்குமாடி வீட்டிலும் கல்யாணப் பேச்சை எடுத்தால் முகம் வாடிப்போகும் பிள்ளை இருக்கக்கூடும். சிலர் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம். துரத்தப்பட்ட பிள்ளைக்கு வெளியே காத்திருப்பது யார்? மிரட்டிப் பணம் பிடுங்குபவன், ஏமாற்றுபவன், சில நேரம் அதைவிட மோசமான முடிவு. இன்னொரு பக்கம், ஊர் வாயை அடைக்க அவசரமாக ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஒரு பிள்ளையின் பிரச்சினையை இரண்டு பிள்ளைகளின் பிரச்சினையாக்கி வைக்கிறோம்.

சமய நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாட்டுச் சட்டத்தை மீறச் சொல்லவும் இல்லை. பெற்ற பிள்ளை வந்து பேசினால் உட்கார வைத்துக் கேளுங்கள். அடிக்காதீர்கள், துரத்தாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

அடுத்த தேர்தலில் லயத்து வாசலுக்கு வருபவர் எந்த விஷயத்தைப் பேசினாலும் சரி, வீட்டு மனையோ, சம்பளமோ, கல்யாணச் சட்டமோ, கைகூப்பி நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்: "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே ஐயா, ஏன் மாத்துனீங்க? எழுதித் தருவீங்களா?"